மூன்றாவது பாதம்

பட்டியலில் ஒரு ஆள் குறைகிறது என்று சல்லடை சொன்னபோது குகதாசனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பட்டியலைக் கட்டி மேய்க்கிற மனிதருக்கு, போன வருட மாசியில் வந்து இறங்கிய ஒரு இயந்திரம் பாடம் எடுக்கிறதாம்.

"எந்த ஊர்?" என்று கேட்டார், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே.

"உங்கட வீடு, அங்கிள்" என்றாள் ஆரணி.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அங்கீகாரக் குழுவின் அலுவலகம். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் முள்ளிவாய்க்காலில் நடந்தது இனவழிப்பு என்று உலகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். குழுவுக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். குகதாசன் அதன் செயலாளர். அறுபத்தெட்டு வயது. எத்தனை அமைச்சர்களின் வாசலில் காத்துக் கிடந்தார், எத்தனை பனிக்காலம் பதாகை பிடித்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. வந்த பதில் கடிதங்களை மட்டும் ஒன்று விடாமல் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தார். அலுவலகத்துக்குப் புதிதாக யாராவது வந்தால் ஒன்றை உருவி எடுத்து, தொண்டையைச் செருமி, அமைச்சரின் குரலிலேயே வாசிப்பார்.

"அந்தக் கடினமான காலத்தின் சிக்கலான சூழ்நிலையில் அனைத்துத் தரப்பினரும் அடைந்த துயரத்தை ஆழ்ந்த கவலையோடு நினைவுகூர்கிறோம்." வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "இதிலை ஆர் செய்தது, ஆருக்குச் செய்தது எண்டு ஒரு சொல் கிடக்கோ பாருங்கோ." வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் லாச்சியைப் பூட்டுவார்.

நாலு வருடத்துக்கு முன் உலக நாடுகள் கூடி, மறுக்கப்பட்ட பேரழிவுகளை விசாரிக்க ஒரு ஆணையம் அமைத்த பிறகுதான் காரியம் கொஞ்சம் அசைந்தது. ஆனால் எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? இல்லாத ஆட்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், இவர்கள் முதலில் உயிரோடு இருந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டது. கேட்கலாம்தான். மாவட்டக் கச்சேரி அலுவலகம் எரிந்தது, பள்ளிக்கூட வரவு இடாப்பு எரிந்தது, ஆசுப்பத்திரி ஏடுகளும் எரிந்தன. எரிந்த தாளை யார் கொண்டுவந்து காட்டுவது? அதற்குத்தான் ஆணையம் இந்த இயந்திரத்தைக் கொடுத்தது. அதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. குழுவில் எல்லோருக்கும் அது சல்லடை.

அதை இயக்க வந்த ஆரணி கனடாவில் பிறந்தவள், முப்பது வயது. வந்த முதல் வாரமே குழுவுக்கு விளக்கிச் சொன்னாள். "ஒரு ஆளைப் பற்றின தாளை எரிக்கலாம். அந்த ஆளோடை சீவிச்ச எல்லாரின்ரை தாளையும் எரிக்கேலாது. ஒரு கடிதத்திலை அஞ்சு பிள்ளையளையும் சுகம் கேட்டிருக்கும். படத்திலை நாலு பேர்தான் நிப்பினம். அந்த அஞ்சாவது பிள்ளை எங்கை எண்டு சல்லடை கேக்கும். கிட்டின சொந்தக்காரர் ஒருத்தர் சத்தியம் பண்ணி, ஓம், இருந்தவர், எங்கட ஆள் எண்டு சொல்லவேணும். அப்பதான் அந்த ஆள் பட்டியலுக்கை வருவார், பதில் வராத ஊரை ஆணையம் வெட்டிப்போடும்." இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டியல் மூடுகிறது.

சல்லடைக்குத் தீனி போட்டதில் குகதாசனுக்குப் பெரிய பெருமை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். செத்தவரின் படம், வம்சம், பிள்ளைகள், மருமக்கள், பேரர், கடைசியில் புலம்பல் பாட்டு. அதற்குப் பெயர் கல்வெட்டு. கனடா முழுக்க நிலக்கீழ் அறைகளில் கிடந்த கல்வெட்டுகளை அவர் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார். ஒன்பதாயிரம் தேறியது. "செத்த ஒவ்வொருத்தருக்கும் புத்தகம் போட்ட சனம் நாங்கள்" என்று ஆணையத்தின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவரும் அவர்தான்.

இப்போது அந்தச் சல்லடை அவருடைய வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

திரையில், குகதாசன் பிரித்துப் பாராமல் கொடுத்த வீட்டுக் கடிதக் கட்டில் இருந்து ஒரு கொப்பித் தாள். தகப்பன் பொன்னம்பலம் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த காலத்தில், வருடப் பிறப்புக்குச் செருப்பு வாங்க அளவு கேட்டிருந்தார். பிள்ளைகள் தாளில் காலை வைத்து, சுற்றிவரப் பென்சிலால் கீறி அனுப்பியிருந்தார்கள். மூன்று பாதங்கள். பெரியதின் கீழே 'புவனா'. நடுவில் உள்ளதின் கீழே 'குகன்'. சின்னதின் கீழே தாள் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

"அயலட்டைப் பிள்ளை ஆரும் விளையாட்டுக்குக் கீறியிருக்கும்" என்றார்.

"இருக்கலாம். ஆனா 'உங்கள் மூவருக்கும்' எண்டு உங்கட அப்பா ஏழு கடிதத்திலை எழுதியிருக்கிறார், அங்கிள்."

"எனக்கு ஒரு அக்காதான். தை மாசம் சத்தியம் பண்ணித் தந்தனான்."

"ஓம். நான்தான் அதை ஏத்தினனான்." ஆரணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையை மெல்லத் திருப்பி வைத்தாள். இவர் இருந்தாரா? ஆம். இல்லை. இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான்.

அவள் பெயர் தவமலர். குகதாசனுக்கு இரண்டு வயது இளையவள். இருபது வயதில், வயல் உழ வந்த உழவு இயந்திரச் சாரதி இராசையாவோடு வன்னிக்குப் போய்விட்டாள். போனது பெரிய காரியமில்லை; இராசையா வேறு ஆட்கள். அவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பதற்கென்று ஒரு தகரப் பேணி கிணற்றடியில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பேணியைக் கழுவிக் கழுவித்தான் பழக்கம் பிடித்தாளோ என்று அயலவர் கேட்ட கேள்வியில் தகப்பன் நான்கு வருடம் வெளியே தலை காட்டவில்லை. ஐந்தாவது வருடம் படுக்கையில் விழுந்தார். கனடாவில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு நாட்டை விட்டு அசைய முடியாமல் இருந்த மகனிடம் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ரை கல்வெட்டிலை அவளின்ரை பேர் வரக்கூடாது."

கொள்ளி வைக்கப் போக முடியாத மகன் கல்வெட்டையாவது சிறப்பாகச் செய்வோம் என்று நினைத்தான். தானே பாட்டு எழுதினான், தானே தட்டச்சுச் செய்தான், ஸ்காபரோவிலேயே அச்சடித்து முந்நூறு பிரதி ஊருக்கு அனுப்பினான். 'பிள்ளைகள்: புவனேஸ்வரி, குகதாசன்.' நாலு வருடம் கழித்து, சண்டை முடிந்த வைகாசியில், தவமலர் குடும்பத்தோடு செத்துப்போய்விட்டாளாம் என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். குகதாசன் அடுத்த நாளே பதாகை எழுதத் தொடங்கினார். அதில் எத்தனையோ பேரின் பெயரை எழுதினார். அவளுடைய பெயரை எழுதவில்லை.

புதன்கிழமை காலையில் பேருந்து பிடித்து மார்க்கம் நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனார். புவனேஸ்வரிக்கு எழுபத்திரண்டு வயது. பலகாரமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"இல்லையெண்டு போடு" என்றாள் கடைசியில்.

"அக்கா, சத்தியம்."

"தை மாசமும் சத்தியந்தானே? அப்ப வராத ஞானம் இப்ப எங்கையிருந்து வந்தது?" அவள் குரலை உயர்த்தவில்லை. "செயலாளரே பொய்ச் சத்தியம் பண்ணினவர் எண்டு அவங்கள் நாளைக்குப் பிடிச்சுக்கொள்ளுவாங்கள். பிறகு உன்ரை பட்டியலை ஆர் நம்புறது? அவ்வளவு சனத்தின்ரை அலுவலை ஒருத்திக்காகக் கெடுக்கப்போறியே?"

வழி முழுக்கக் குகதாசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததும் இதையேதான். அக்காவின் வாயால் கேட்டபோது அது ஏனோ நாறியது. கையில் எடுத்த பலகாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"அந்தத் தாளிலை பேரை வெட்டினது ஆர்?"

புவனேஸ்வரி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே வாகனத் தரிப்பிடத்தில் பனியை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா செத்த கிழமை அம்மா கத்தரிக்கோலைத் தந்தவா. அவளின்ரை படமெல்லாம் நான்தான் வெட்டினனான்." பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "அந்தத் தாளிலை பேரை மட்டுந்தான் வெட்டினனான். காலை வெட்ட மனம் வரேல்லை."

பிறகு அவள் அழுதாள். குகதாசனுக்கு அழுகை வரவில்லை. நாற்பத்திரண்டு வருடம் இந்தப் பேச்சு எடுக்கப்படாத வீட்டில், அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் அலுவலகத்துக்கு வந்தபோது ஆரணி மட்டும் இருந்தாள். மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"ஆம் எண்டு போடு, பிள்ளை. பொன்னம்பலம் தவமலர். என்ரை தங்கச்சி. புருசன் இராசையா, ஊர் கொக்குமடு. தை மாசம் நான் தந்தது பொய்ச் சத்தியம். அதையும் எழுது. செயலாளர் பதவியிலை இருந்து விலகிறன் எண்டும் எழுது."

ஆரணி தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "கொக்குமடுவோ?"

"ஓம். ஏன்?"

"நாளைக்கு வெட்டப்போற ஊர் அது, அங்கிள். நாப்பத்தொரு இடைவெளி. ஒருத்தருக்கும் பதில் இல்லை. அங்கை ஒரு வீட்டிலையும் கல்வெட்டு அடிக்கேல்லை, அதாலை பிடிச்சு இழுக்க ஒரு நுனி இல்லை எனக்கு." அவள் ஒரு கோப்பைத் திறந்தாள். "ஒரேயொரு விண்ணப்பம் இருக்கு. செந்தாழினி எண்டு. மன்னாரிலை அம்புலன்ஸ் ஓடுறவா. தாய், தகப்பன், தம்பி, தகப்பன்ரை ஆக்கள் எல்லாரையும் பேர் பேரா எழுதித் தந்திருக்கிறா. தனி ஆளின்ரை சொல் எண்டு ஆணையம் ஒதுக்கி வைச்சிட்டுது. ரெண்டாவது சொந்தக்காரர் ஒருத்தர் சத்தியம் பண்ணினா நாப்பத்தொரு பேரும் பட்டியலிலை ஏறுவினம்."

குகதாசன் திரைக்குக் கிட்டக் குனிந்தார். தாயின் பெயர்: தவமலர். தாய்வழி உறவினர் என்ற இடத்தில், கையெழுத்தில், 'ஒருவரும் இல்லை' என்று இருந்தது.

"பிள்ளை தப்பியிருக்குது" என்றார். கதிரையில் சரிந்து இருந்தார். ஆரணி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கையே இல்லை என்று அவர் சொன்னார், தாய்வழியில் ஒருவரும் இல்லை என்று செந்தாழினி எழுதினாள். இரண்டு இல்லைகளுக்கும் நடுவில் நாற்பத்தொரு பேர் நாளைக்குக் காணாமல் போகவிருந்தார்கள்.

விதிப்படி, குகதாசன் உறவு சொன்ன செய்தி மன்னாருக்குப் போனது. அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அரசாங்கங்களின் பதிலுக்குக் காத்திருந்த மனிதர், அன்றைக்கு ஒரு அம்புலன்ஸ்காரியின் பதிலுக்காக இருக்கையில் இருக்க மாட்டாமல் அறைக்குள் நடந்தார். நடந்த நடையில் கம்பளம் தேய்ந்திருக்கும்.

பத்து மணிக்கு வந்தது. எழுத்தில்லை, குரல்தான். ஆரணி கதவைச் சாத்திவிட்டுப் போட்டுவிட்டாள். பின்னால் வாகனச் சத்தம் கேட்டது.

"வணக்கம். நான் ஓம் எண்டு அழுத்திட்டன். அது அப்பாவின்ரை சனத்துக்காக. அவையும் கணக்கிலை வரவேணும். அதுக்கும் இப்ப கேக்கப்போறதுக்கும் சம்பந்தமில்லை, அவர் பயப்பிடத் தேவையில்லை."

ஒரு வாகனக் கதவு அடித்துச் சாத்தும் சத்தம்.

"அம்மப்பாவின்ரை கல்வெட்டு அம்மாவிட்டை இருந்தது. சமாதான காலத்திலை யாழ்ப்பாணத்தாலை வந்த ஆரோ கொண்டுவந்து குடுத்தது. கடைசியா ஓடேக்கையும் பையுக்கை வைச்சிருந்தவா. அதிலை அம்மாவின்ரை பேர் இல்லை எண்டு அப்பா கோவிச்சவர். அம்மா சொன்னவா, அண்ணாதான் இதை எழுதினது, அண்ணா என்னை விடமாட்டார், இது அச்சுக்காரர் விட்ட பிழை, அண்ணா வரேக்கை திருத்திக் கொண்டுவருவார் எண்டு. எனக்கு அப்ப ஏழு வயசு, நானும் நம்பினனான். எனக்கு இப்ப நாப்பத்தஞ்சு. அது அச்சுப் பிழையோ, இல்லையோ? அதை மட்டும் எழுத்திலை தரச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். நான் ஓட வெளிக்கிடவேணும்."

குரல் நின்றது. ஆரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனாள். குகதாசன் ஒரு தாளை எடுத்தார்.

எழுதுவது அவருக்குக் கை வந்த கலை. ஆணையத்துக்குப் போன முந்நூறு பக்க மனுவும் அவர் கை எழுதியதுதான். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். வழக்கம்போல், காது ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க உரக்க வாசித்தார்.

"அன்புள்ள மகளுக்கு. அந்தக் கடினமான காலத்தில், எங்கள் சமூகத்தின் சிக்கலான சூழ்நிலையில், எல்லோருமே பலவிதமான துயரங்களை அடைந்தோம். உங்கள் தாயாரின் பெயர் விடுபட நேர்ந்தமை குறித்து ஆழ்ந்த..."

அங்கேயே நின்றுவிட்டார். வாசித்தது அவருடைய குரலே இல்லை. லாச்சியில் கிடக்கிற கடிதங்களை வாசிக்கும்போது போடுவாரே, அந்தக் குரல். இந்த முறை அவர் போடவில்லை, அது தானாக வந்தது. விடுபட நேர்ந்ததாம். யார் விட்டது? பேனை தானாக நடந்து போய் விட்டதா? குகதாசனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த அமைச்சர்மார் எல்லோரும் கல் நெஞ்சுக்காரர் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். அவர்களும் இப்படித்தான் ஒரு மேசையில் இருந்து, ஒரு தாளைப் பார்த்துப் பயந்திருப்பார்களோ என்று முதன்முதலாகத் தோன்றியது. தோன்றியதற்காக அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை. தன் மேல் கோபம்தான் வந்தது.

இன்னொரு வழியும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'ஓம் மகள், அச்சுப் பிழைதான்.' நாலு சொல். அச்சகம் மூடி முப்பது வருடம்; யாரும் போய்க் கேட்க முடியாது. செத்துப்போனவள் நம்பியதை ஏன் இப்போது உடைப்பது? பிள்ளையும் ஆறுதல் அடையும், அவருக்கும் ஒரு மருமகள் கிடைப்பாள். பேனையைப் பிடித்தபடி அந்த நாலு சொல்லையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆணையத்துக்குத் தான் எழுதிய மனுவின் முதல் வரி ஞாபகத்துக்கு வந்தது. 'நடந்ததை நடந்தது என்று சொல்லுங்கள். அதற்குமேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.' எத்தனை இடத்தில் வாசித்த வரி. அது இவ்வளவு பாரம் என்று வாசித்த ஒரு தடவையாவது தெரிந்ததா?

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம் கூட வரவில்லை.

'செந்தாழினிக்கு. அது அச்சுப் பிழை இல்லை. கல்வெட்டை எழுதியது நான். உங்கள் அம்மாவின் பெயரை விட்டது நான். உங்கள் அப்பா எங்களை விடக் குறைந்த சாதி என்று நாங்கள் நினைத்தோம், அதனால் விட்டேன். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிப் பேணி வைத்திருந்த வீடு எங்கள் வீடு. பெயரைப் போட வேண்டாம் என்று என் அப்பா சொன்னது உண்மை. ஆனால் அதை அச்சுக்குக் கொடுத்த நாளில் அவர் உயிரோடு இல்லை. நான் போட்டிருக்கலாம். போடவில்லை. நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, தேடவும் இல்லை. குகதாசன்.'

ஆரணி அதை வாசித்தாள். ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டியல் மூடியது. ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. பழைய செயலாளரின் பொய்ச் சத்தியத்தை எதிர்த்தரப்பு விசாரணையில் கிளப்பலாம், அவர் இனி மனுதாரர்களின் வரிசையில் இருக்கக் கூடாது, பார்வையாளர் பகுதியில் வேண்டுமானால் இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அது நியாயம்தான் என்று குகதாசன் சொன்னார். சொன்னபோது அவர் வாய் கோணியது. இருபத்திரண்டு வருடம் என்பது சின்ன விஷயமா என்ன. அடுத்த வருடம் தீர்ப்பு வரும் நாளில் அவர் பின்வரிசை வாங்கில் எங்கோ இருப்பார்.

கொக்குமடுவின் நாற்பத்தொரு இடைவெளியும் பெயர்களாக மாறி ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன. பொன்னம்பலம் தவமலர், வயது இருபத்தெட்டு. அவளுக்குக் கீழே, சாட்சி சொன்ன இருவரின் பெயர்கள்.

"உங்கட உறவுமுறையைச் செந்தாழினி நேற்று வெறுமையா விட்டிருந்தவா. உங்கட கடிதம் போன பிறகு நிரப்பியிருக்கிறா" என்றாள் ஆரணி. "அதிலை தெரிவு செய்ய 'மாமா' எண்டு தானா வரும், அங்கிள். அவ அதை அழிச்சுப்போட்டுக் கையாலை எழுதியிருக்கிறா."

குகதாசன் கண்ணாடியை எடுத்து மாட்டினார். குகதாசன்: அம்மாவின் தமையன்.

திரும்பத் திரும்ப வாசித்தார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கிறா" என்றார்.

பிறகு மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். திங்கட்கிழமை புதிய செயலாளர் வருவார். பேனைகள், முத்திரை, சாவிக்கொத்து. லாச்சியைத் திறந்தார். அமைச்சர்களின் கடிதங்கள் வருட வாரியாக அடுக்கியபடி இருந்தன. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தன்னுடைய முதல் கடிதத்தை, அந்த இரண்டு பக்கத்தையும், எடுத்து விரித்து, மடிப்பை நீவி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து லாச்சியைச் சாத்தினார். பூட்டவில்லை.